பம்ப் நல்லாத்தானுங்க இருக்குது!

கோயமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எந்த வரிசையில் போகும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் மழை: ‘‘உங்க பக்கம் மழை பேஞ்சுதுங்களா?’’ அடுத்து கிணறு: ‘‘போர்ல தண்ணி எத்தனை அடியில நிக்குதுங்க?’’ மூன்றாவது கரன்ட்: ‘‘த்ரீ ஃபேஸ் எப்ப உடறாங்க?’’ இந்த மூன்றும் முடிந்த பிறகுதான், ‘‘ஊட்ல அம்மிணி, கொழந்தைங்க எல்லாம் சௌக்கியங்களா?’’ வரும். மனிதர்கள் மேல் அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மூன்றும் சரியாக இருந்தால் நாலாவது தானாகவே சரியாக இருக்கும் என்பது இந்த மண்ணின் அனுபவம்.

எல்லாவற்றுக்கும் காரணம் மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் பெரும்பாலும் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்புவது மாதிரி! எனவே கொங்கு நாட்டுக்காரர் வானத்தைப் பார்த்தது போதும் என்று பூமியைத் தோண்டினார். எருது பூட்டிக் கவலை இறைத்தார். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைகாராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். அதன்பிறகு கோவையில் தெருவுக்குத் தெரு வார்ப்படச் சாலையும் லேத் பட்டறையும் முளைத்து, ஊர் பெயரே பம்ப்செட்டுக்கு மறுபெயராகிவிட்டது.

கரன்ட் என்பது இங்கே உயிர் சமாசாரம். மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி, 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்திக் கோவை நகரத்தையே அசையவிடாமல் செய்தார்கள். அப்படிச் சண்டை போட்டு வாங்கிய கரன்ட் மோட்டார் வரை வந்து சேராமல் நடுவழியில் எங்கேயாவது நின்றுபோனால் சும்மா விடுவார்களா? அது எங்கே நின்றது, ஏன் நின்றது என்று தேடித் தேடியே இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது.

அந்தக் கைப்பழக்கத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் போன ஏப்ரலில், பழனி போகிற வழியில், எனக்குக் கிடைத்தது. பழுதானது கிணற்று மோட்டார் அல்ல. ஒரு கார்!

* * *

பீளமேட்டிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான், என் சகதர்மிணி, வாடகைக் கார், அதன் டிரைவர் தம்பி. இருபத்தெட்டு வயசு இருக்கும். ‘‘சொந்த வண்டிங்ணா’’ என்றார். அதாவது ஸ்டியரிங் மட்டும் அவருடையது. மிச்சமெல்லாம் ஃபைனான்ஸ்காரருடையது.

2024-ல் திறந்த உக்கடம் மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் பொள்ளாச்சி ரோடு. ஈச்சனாரிப் பிள்ளையார் வந்ததும் தம்பி வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து கிழக்கே செட்டிபாளையத்தில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன பந்தய வீரர் எஸ்.கரிவரதனின் பெயரைத் தாங்கிய ஓட்டப் பந்தயச் சாலை. பிள்ளையாரையும் பந்தயக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நியாயம் செய்கிற ஊர் இது. அடுத்தது கிணத்துக்கடவு. ஊர்ப் பெயரிலேயே கிணறு!

பொள்ளாச்சியைத் தாண்டி உடுமலை ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் தென்னை. தென்னைக்கு மேலே தொலைவில் காற்றாலைகள். இந்தச் சாலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. களங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தானே டிரைவராக உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவேதான். அந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி வளர்ந்தது. நடு ரோட்டில் வண்டி நின்றால் தானே இறங்கிப் பார்த்தால்தான் உண்டு என்ற காலம் அது. விஞ்ஞானியாவதற்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் என்ன வேண்டும்?

இதை நான் சகதர்மிணிக்குச் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, கோமங்கலம் தாண்டியதும் எங்கள் வண்டியும் சரித்திரத்தில் இடம்பிடிக்க ஆசைப்பட்டது. ஒரு விக்கல் இல்லை, முனகல் இல்லை. ஃபேனை நிறுத்தினது மாதிரி எஞ்சின் அடங்கிவிட்டது. தம்பி ஓரமாக உருட்டி, ஒரு வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினார்.

ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, ‘‘இதோட ஆறாவது தடவைங்ணா’’ என்றார்.

கதை மெதுவாக வெளியே வந்தது. ஒரு மணி நேரம் நல்லா ஓடுமாம். வெயில் ஏறினதும் திடீரென்று நின்றுவிடுமாம். இருபது நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புமாம். ஒரு ஒர்க்ஷாப்பில் ‘பம்ப் வீக்’ என்று புது பெட்ரோல் பம்ப் போட்டார்கள், ஒன்பதாயிரம் ரூபாய். இரண்டு வாரம் ஓடி மறுபடி நின்றது. இன்னொரு இடத்தில் ரிலேயை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் ஃபில்டர், ப்ளக். நடுவில் ஒரு நாள் ஏர்போர்ட் போகிற வழியில் நின்று, உள்ளே இருந்தவர் விமானத்தைத் தவறவிட்டார். அந்தக் கம்பெனி, ‘இனி உன் வண்டி வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது. மாசத்தில் பாதி வருமானம் அதில்தான் வந்துகொண்டிருந்தது.

‘‘நாளைக்குக் காத்தால நாலு மணிக்கு ஊட்டி ட்ரிப் ஒண்ணு இருக்குதுங்ணா. அதுவும் போச்சுன்னா வண்டிய வந்த வெலைக்குத் தள்ளி உட்ருவேனுங்க. எங்கம்மா நகையை வெச்சு முன்பணம் கட்டினதுங்ணா...’’

பின் சீட்டில் பஞ்சாமிர்தத்துக்குத் தூக்கு கொண்டுவந்திருந்த சகதர்மிணி, தூக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

* * *

எனக்கு அந்தக் கால வைத்தியம் ஒன்றுதான் தெரியும். ஈரத்துணி! பியட்டும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சுற்றுகிற சுற்றில் உள்ளே ஒரு சவ்வு மேலும் கீழும் போய் பெட்ரோலை உறிஞ்சும். மலை ஏறும்போது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, சவ்வு வெறும் ஆவியைப் போட்டு அமுக்கிக்கொண்டிருக்கும். வண்டி நிற்கும். டிரைவர் ஒரு துணியை நனைத்து பம்ப் மேல் போடுவார். எல்லோரும் இறங்கி முறுக்கு சாப்பிடுவார்கள். துணி காய்வதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுக இறுக கார்புரேட்டர் போய், ஊசி போட்டு பெட்ரோலைத் தெளிக்கிற எஞ்சின்கள் வந்தன. அதற்குப் பெட்ரோல் நல்ல அழுத்தத்தில் வரவேண்டும். எனவே பம்ப்பைக் கரன்ட்டில் ஓடுவதாக்கி, டாங்குக்குள்ளேயே முக்கி வைத்துவிட்டார்கள். இப்போது ஈரத்துணியை எங்கே போடுவது? டிரைவர் தலையில்தான் போட வேண்டும்!

நிழலுக்கு ஒதுங்கிய அந்த வேப்ப மரத்துக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று. வாசலில் குடல் உருவின மோட்டார்கள் நாலைந்து. செம்புக் கம்பிச் சுருள்கள். ‘இங்கு மோட்டார் காயில் கட்டித் தரப்படும்’ என்று கையால் எழுதிய பலகை. உள்ளிருந்து ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

‘‘என்னுங்க, நின்னு போச்சுங்களா?’’

தம்பி மறுபடி கதையைச் சொன்னார். பம்ப் மாற்றியது, ரிலே மாற்றியது எல்லாம்.

‘‘பம்ப் டாங்குக்குள்ளயேவா இருக்குது?’’

‘‘ஆமாங்க.’’

‘‘அப்ப நம்ம போர்ல எறக்கற சப்மெர்சிபிள்தானுங்க இது. தண்ணிக்குப் பதிலா பெட்ரோலு. மோட்டாரைக் குளுப்பாட்டறதும் அதேதான். ரிசர்வ்லயே ஓட்டாதீங்கன்னு அதுக்குத்தான் சொல்றது.’’ எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ‘‘சீக்கு இருக்கறப்பவே பாத்தாத்தான் உண்டு. ஆறிப் போச்சுன்னா அப்பறம் நல்ல புள்ளையாட்ட ஓடும். வெரசா வாங்க.’’

காய்ச்சல் அடிக்கும்போதே டாக்டரிடம் போக வேண்டும் என்கிற தத்துவம்! மூன்று ஒர்க்ஷாப்புக்கும் தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போயிருந்தார். ஓடுகிற வண்டியில் ஓடாத காரணத்தை யார் கண்டுபிடிக்க முடியும்?

* * *

பெரியவரிடம் இருந்த ஆயுதங்கள் மூன்று: ஒரு மீட்டர், இரண்டு ஒயர் வைத்த ஒரு கார் பல்பு, இரண்டு காது.

முதலில் காது. பெட்ரோல் மூடியைத் திறந்து அதன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, ‘‘சாவியைப் போடு கண்ணு, ஸ்டார்ட் பண்ணாத’’ என்றார். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி பம்ப் ஓடி, குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்க வேண்டும். வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை.

அடுத்து ஃப்யூஸ். கழற்றிப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே அதன் இரண்டு தலையிலும் பல்பைத் தொட்டார். இரண்டிலும் பளிச்சென்று எரிந்தது.

அப்புறம்தான் ரிலே. தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்புப் பெட்டி. பெரியவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பம்ப்புக்குக் கரன்ட் நிறைய வேண்டும். அதை முழுக்க நம் சாவி வழியாகவோ, வண்டியின் கம்ப்யூட்டர் வழியாகவோ விட்டால் இரண்டும் கருகிவிடும். ஆகவே நடுவில் ஒரு ஆள். உள்ளே ஒரு சின்னக் காயில். அதற்குக் கொஞ்சூண்டு கரன்ட் கொடுத்தால் காந்தமாகி, ஒரு தகட்டை ‘டக்’கென்று இழுக்கும். அந்தத் தகடு பெரிய கரன்ட்டுக்குப் பாலம். பெட்டியின் கீழே நாலு கால். 85, 86 என்று போட்டிருப்பது காயிலுக்கு. 30-ல் பேட்டரி கரன்ட் காத்திருக்கும். காயில் இழுத்தால் 87 வழியாக பம்ப்புக்குப் போகும்.

‘‘மோட்டார் ரூம்ல பச்சை பட்டனை அமுக்குனா காண்டாக்டர் இழுக்குதுங்கல்ல? அதோட தம்பிதானுங்க இவன். அண்ணன் நானூறு வோல்ட்டுல நிக்கறான், தம்பி பன்னண்டு வோல்ட்டுல. குணம் ஒண்ணுதான்.’’

ரிலே மேல் விரலை வைத்துச் சாவியைப் போடச் சொன்னார். ‘டக்!’ எனக்கே கேட்டது.

‘‘பாதி ஊரு தப்பிச்சுதுங்க’’ என்றார்.

புரியவில்லை என்றேன். ‘டக்’ கேட்டுவிட்டதால் சாவி சரி, கம்ப்யூட்டர் சரி, காயில் சரி. ‘டக்’ வராமல் இருந்தால் ஆணையே வரவில்லை என்று அர்த்தம். தேட வேண்டிய திசையே வேறு. இப்போது ஆணை வருகிறது, வேலை நடக்கவில்லை. அரசாங்க ஆபீஸ் மாதிரி!

பக்கத்தில் ஹாரனுக்கும் அதே அச்சில் ஒரு ரிலே. இரண்டின் மேலும் எழுத்தும் எண்ணும் ஒன்றுதானா என்று படித்துப் பார்த்துவிட்டு, இடம் மாற்றிச் செருகினார். பம்ப் ரிலே இப்போது ஹாரன் இடத்தில். ‘‘ஹாரனை அமுக்கு!’’ என்றார். ‘பாஆம்!’ ரோட்டைக் கடந்துகொண்டிருந்த வெள்ளாட்டுக் கூட்டம் சிதறி ஓட, ஆட்டுக்காரர் எங்கள் பரம்பரையை விசாரித்தார்.

ஆக, சந்தேகப்பட்ட ரிலே நல்ல ரிலே. ஹாரனின் ரிலேயோ பம்ப் இடத்தில் ‘டக்’ என்கிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை. பத்துப் பைசா செலவில்லாமல் ரிலே விடுதலை!

இதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் பீடி. ‘‘அக்கட்டால போய்ப் புடி சாமி. பெட்ரோல் டாங்கு பக்கத்துல பீடி புடிக்கறதுக்கு, நேராவே பத்த வெச்சுட்டுப் போலாம்’’ என்று விரட்டினார் பெரியவர். கோயமுத்தூர்க் குசும்பு எந்த அவசரத்திலும் மாறாது. நாலு கதவையும் திறந்து வைத்து, காற்று வீசிய பிறகே பின் சீட்டைத் தூக்கினார். கீழே பம்ப்புக்குப் போகும் ஒயர் முடிச்சு. அதைப் பிரித்து, வண்டிப் பக்கத்து முனையில் மீட்டரை வைத்தார். சாவி போட்டதும் மீட்டர் சொன்னது: 12 வோல்ட்.

தம்பி முகம் விழுந்துவிட்டது. ‘‘இதையேதானுங்க அங்கயும் காட்டுனாங்க. ‘கரன்ட் முழுசா வருது, பம்ப்தான் போச்சு’ன்னாங்க.’’

‘‘சித்த இரு கண்ணு’’ என்று அதே இடத்தில் பல்பை வைத்தார். மறுபடி சாவி. பல்பு எரிந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே கம்பி மட்டும் அந்தி வானம் மாதிரி சிவந்து அடங்கியது.

‘‘மீட்டர் பொய் சொல்லுதுங்களா?’’ என்று கேட்டேன்.

‘‘மீட்டரு பொய் சொல்லாதுங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது. ‘வோல்ட் இருக்குதா?’ன்னு கேட்டீங்க, இருக்குதுன்னுது. அது மூட்டை தூக்குமான்னு நீங்க கேக்கலியே! சும்மா ஒக்காந்திருக்கறப்ப எல்லாரும் பலசாலிதானுங்க. தலையில மூட்டையை ஏத்துனாத்தான் எவனுக்கு முட்டி மடங்குதுன்னு தெரியும்.’’

மீட்டர் கரன்ட்டை அநேகமாக இழுப்பதே இல்லை. பல்பு இழுக்கும். வழியில் எங்கேயாவது இணைப்பு நைந்து, நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டருக்கு அது போதும். பல்புக்குப் போதாது. பம்ப்புக்குச் சுத்தமாகப் போதாது.

நைந்தது வருகிற வழியா, எர்த் போகிற வழியா? எர்த் ஒயரை விட்டுவிட்டு, பல்பின் இன்னொரு முனையைச் சுரண்டின பாடித் தகட்டில் வைத்தார். அதே சிவப்பு. எனவே எர்த் மேல் குற்றமில்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தனி ஒயர் இழுத்து, பல்பு வழியாக அந்த எர்த்திலேயே முடித்தார். பளிச்! அதுவும் உறுதியாயிற்று.

மிச்சம் இருந்தது ரிலேயின் 87-ம் காலிலிருந்து பின் சீட் வரைக்கும் உள்ள பாதை. பெரியவர் முன்னால் போய், ரிலே உட்காரும் சாக்கெட்டுக்கு அடியில் விரலை விட்டு ஒவ்வொரு ஒயராக அசைத்தார். தம்பி சாவியைப் போட்டுப் போட்டு எடுக்க, நான் பின் சீட்டில் பல்பைப் பார்த்துக் குரல் கொடுக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தேன்.

‘‘மங்கல்... மங்கல்... மங்கல்... ஆ! எரியுது!’’

‘‘இப்ப?’’

‘‘மங்கல்!’’

‘‘இப்ப?’’

‘‘எரியுது!’’

‘‘ஆளு ஆப்ட்டான்’’ என்றார் பெரியவர்.

* * *

பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டிலிருந்து அந்த ஒரு முனையை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார். ரிலேயின் காலைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பித்தளை வாய், பல் போன கிழவர் மாதிரி அகன்று கிடந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

எப்போதோ யாரோ சோதித்துப் பார்ப்பதற்காக அதற்குள் தடித்த கம்பியையோ ஸ்க்ரூ டிரைவரையோ திணித்திருக்கிறார்கள். வாய் விரிந்தது. பிடி தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் சூடு. சூட்டில் இன்னும் தளர்ச்சி. ஒரு மணி நேரம் ஓடினதும் பிடி விட்டுப் போகும், பம்ப் நிற்கும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். புது பம்ப் போட்டபோது அது சரியானதாகத் தோன்றியது, ஆறியிருந்ததால்தான்.

‘‘பம்ப்பு நல்லவன், ரிலே நல்லவன், ஒயரு நல்லவன். ஒருத்தனுக்கொருத்தன் ஒட்டு இல்லீங்க. பங்காளிச் சண்டை மாதிரி’’ என்றார்.

அப்போது லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த ஒருவர் யோசனை சொன்னார். ‘‘எதுக்குங்க இவ்வளவு பாடு? பேட்டரியிலிருந்து பம்ப்புக்கு ஒரு ஒயரை டைரக்டா குடுத்து, ஒரு சுவிட்ச்சைப் போட்டு உட்ருங்க. அஞ்சு நிமிஷ வேலை.’’

தம்பியின் கண்கள் விரிந்தன. ஊட்டி ட்ரிப் அந்தக் கண்களில் தெரிந்தது. ‘‘அப்படிப் பண்ணிரலாமுங்களா?’’

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

‘‘வண்டி எங்கயாச்சும் மோதிக் கவுந்துருச்சுன்னு வெச்சுக்க. எஞ்சின் நின்னுரும். நின்னது தெரிஞ்சதும் கம்ப்யூட்டரு ரிலேயை உட்ரும், பம்ப் நிக்கும். நீ டைரக்ட் குடுத்தா யாரு நிறுத்துவா? குழாய் அத்துப் போயிருந்தாலும் அது பெட்ரோலை எறைச்சுக்கிட்டே இருக்கும். சூடான எஞ்சின் மேல. உள்ள இருக்கறவங்க வெளிய வர்றதுக்குள்ள...’’ முடிக்கவில்லை. ‘‘ரிலே நடுவுல சும்மா நிக்கற ஆளு இல்ல கண்ணு. காவக்காரன்.’’

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். பெரியவர் வாசலில் கிடந்த மோட்டார்களைக் காட்டிச் சிரித்தார். ‘‘ஸ்டார்ட்டரு ட்ரிப் ஆவுதுன்னா ஏன்னு பாக்காம, அது உழாம இருக்கக் குச்சியை முட்டுக் குடுத்து ஓட்டறவங்க இருக்கறாங்கள்ல? ஒரு ஃபேஸ் போனாலும் காயில் கருகற வரைக்கும் ஓடும். அந்தக் குச்சி வெச்சவங்க புண்ணியத்துலதானுங்க என்ற கடை ஓடுது!’’

உடுமலையில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் ஒயரோடு புது ரிலே சாக்கெட் கிடைக்கும், நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும் என்று சொல்லி, தன்னுடைய டி.வி.எஸ். வண்டியைக் கொடுத்துத் தம்பியை அனுப்பினார். வாங்கும்போது ஒயரின் தடிமன் பழைய ஒயருக்குக் குறையாமல் பார்த்து வாங்கச் சொல்லி, ஒரு துண்டு மாதிரியும் வெட்டிக் கொடுத்தார். அந்த முக்கால் மணி நேரம் நாங்கள் இளநீர் குடித்தோம். தன் தோட்டத்தில் ஆயிரம் அடி தாண்டிப் போட்ட போரில் புகை மட்டும் வந்த கதையைப் பெரியவர் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்தக் கடை என்பது பேச்சின் நடுவில் தெரிந்தது.

புது முனையை ஒயரோடு நெரித்து, இழுத்துப் பார்த்து, சாக்கெட்டை மாட்டி, ரிலேயை அழுத்தியபோது அது ‘கிச்’சென்று உட்கார்ந்தது. சாவி போட்டதும் பின்னால் வண்டு ரீங்காரம். எனக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

‘‘கெளம்பலாமுங்களா?’’

‘‘அதுக்குள்ளயா? மூட்டையை ஏத்திப் பாக்க வேண்டாமா?’’ என்றார் பெரியவர். வண்டியை நிழலிலிருந்து உச்சி வெயிலுக்கு நகர்த்தி, ஏ.சி., ஹெட்லைட் எல்லாம் போட்டு, முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சாக்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். கடைசித் தடவை தொட்டுவிட்டு, ‘‘இனி நிக்காதுங்க’’ என்றார்.

தம்பிக்கு அப்போதுதான் ஏதோ ஞாபகம் வந்து டிக்கியைத் திறந்தார். பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்திருந்த பழைய பம்ப். கழற்றி இரண்டு மாசம் ஆகி, காய்ந்து கிடந்தது. பெரியவர் அதைக் காரை விட்டு நன்றாகத் தள்ளி எடுத்துப்போய், தன் கடை பேட்டரியில் ஒரே ஒரு நொடி ஒயரைத் தொட்டு எடுத்தார். ‘ஜுங்’ என்று துள்ளிச் சுற்றி நின்றது.

‘‘பம்ப் நல்லாத்தானுங்க இருக்குது’’ என்றார்.

ஒன்பதாயிரம் ரூபாய் அந்த ‘ஜுங்’கில் இருந்தது. யாரும் பேசவில்லை. தம்பி அதை வாங்கி, மறுபடி பைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்துக்கொண்டார்.

சாமானுக்குப் போக, கூலி முந்நூறு ரூபாய். அதிகம் கொடுத்தபோது எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுத ஆரம்பித்தார். தோட்டத்து மோட்டார் ரூம் சுவரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். எந்தத் தேதியில் காயில் கட்டியது, எத்தனை அடியில் பம்ப் இறக்கியது என்று கரிக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள். அடுத்து வந்து கை வைப்பவர் முதலிலிருந்து தடுமாறக் கூடாதே என்று.

பழனி அடிவாரத்தில் வண்டி நின்றதும் மூடியைத் திறந்து படித்துப் பார்த்தேன். தேதிக்குக் கீழே கோணல்மாணலான எழுத்தில் இப்படி இருந்தது:

‘பெட்ரோல் பம்ப் ரிலே. 87 கால் புது முனை. கம்பி திணிக்க வேண்டாம். பல்பு வைத்துப் பார்க்கவும்.’